ரேஷன் கடைக்குப் பை வருகிறது, நம் கடைக்கு ஏன் வரவில்லை?



கண்ணமங்கலத்தில் அரிசி, சர்க்கரை போடும் நாளில் ரேஷன் கடை வாசலில் போய் நின்று பாருங்கள். வரிசையில் நிற்கும் ஒவ்வொருவர் கையிலும் பை இருக்கும். அரிசிக்கு ஒரு சாக்குப் பை, சர்க்கரைக்குத் துணிப்பை, பருப்புக்குத் தனியாக இன்னொன்று என்று மூன்று பைகளை மடித்து இடுப்பில் செருகிக்கொண்டு வரும் அம்மாக்களும் உண்டு. "எனக்கு ஒரு கவர் குடுங்க" என்று அங்கே யாரும் கேட்பதில்லை. கேட்டால் கிடைக்காது என்று எல்லோருக்கும் தெரியும்.

அதே அம்மா அன்று சாயங்காலம் நம் உறுப்பினர் ஒருவர் கடைக்கு வருகிறார். அரைக் கிலோ உளுத்தம்பருப்பு, கால் கிலோ வெல்லம், ஒரு சோப்பு வாங்குகிறார். இரண்டு கையும் வெறுங்கை. "அண்ணா, எல்லாத்தையும் ஒரு கவர்ல போட்டுக் குடுங்க" என்கிறார். காலையில் மூன்று பை எடுத்து வந்தவருக்கு மாலையில் மறந்துவிட்டதா? மறதி இல்லை. நம் கடையில் கிடைக்கும் என்ற நம்பிக்கை. அந்த நம்பிக்கையை உண்டாக்கியவர்கள் நாம்தான்.

இதைச் சொல்ல எனக்கு உரிமை உண்டு. நான் மொத்த வியாபாரி. பருப்பு, புளி, மிளகாயோடு பாலிதீன் கவரும் கிலோ கணக்கில் விற்றவன். எங்கள் தகப்பனார் காலத்தில் கடையில் மேலே நூல்கண்டு தொங்கும். தாளைக் கூம்பாகச் சுற்றிப் பொட்டலம் கட்டி, நூலைச் சுற்றி அறுத்துக் கொடுப்பார்கள். பொட்டலங்களைப் போட்டுக்கொள்ளப் பை வாடிக்கையாளருடையது. மஞ்சள் பை இல்லாமல் கடைத் தெருவுக்கு வருகிறவர் கிடையாது. எங்கள் பக்கத்தில் 1980களின் பிற்பகுதியில் கவர் வந்தது. முதலில் பெரிய கடைகளில் கொடுத்தார்கள். அடுத்த கடைக்காரர் வாடிக்கை போய்விடுமே என்று பயந்து கொடுத்தார். பிறகு ஐந்து ரூபாய்க்குக் கடுகு வாங்கினாலும் கவர் என்று ஆயிற்று. பை எடுத்து வருகிறவரைப் பட்டிக்காட்டான் என்று சிரிக்கும் நிலையும் வந்தது. வியாபாரிகளாகிய நமக்கு மஞ்சள் கடுதாசி என்றால் வேறு அர்த்தம் உண்டு. அந்தப் பயத்தில் மஞ்சள் பையையும் ஒதுக்கினோமோ என்று வேடிக்கையாகச் சொல்வதுண்டு.

சட்டத்தைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். இதில் இன்னும் குழப்பம் இருக்கிறது. தமிழக சட்டமன்றத்தில் 2018 ஜூன் 5 அன்று அறிவிப்பு வந்தது. அதே மாதம் 25ஆம் தேதி அரசாணை எண் 84 வெளியானது. 2019 ஜனவரி 1 முதல் தடை நடைமுறைக்கு வந்தது. ஒருமுறை பயன்படுத்தி எறியும் 14 பொருட்கள் அந்தப் பட்டியலில் உள்ளன. பிளாஸ்டிக் கைப்பை எந்த அளவானாலும், எந்தத் தடிமனானாலும் தடை. மத்திய அரசின் விதியில் 2022 டிசம்பர் 31 முதல் 120 மைக்ரானுக்குக் குறைந்த கைப்பைக்குத்தான் தடை. இதைப் பிடித்துக்கொண்டு வெளி மாநில விற்பனைப் பிரதிநிதிகள் சிலர், "இது 120 மைக்ரான், அனுமதி உண்டு" என்று நம் உறுப்பினர்களிடம் ஆர்டர் எடுக்கிறார்கள். தமிழ்நாட்டில் அந்த வாதம் செல்லாது. 2019இல் அறிவிக்கப்பட்ட அபராதப்படி மளிகைக் கடைக்கு முதல் முறை 1,000 ரூபாய், இரண்டாம் முறை 2,000, மூன்றாம் முறை 5,000. என்னைப் போல மொத்தமாக இருப்பு வைத்து விற்பவருக்கு 25,000 ரூபாயில் தொடங்கி ஒரு லட்சம் வரை போகும்.

பட்டியலில் நம்மவர்கள் கவனிக்காமல் விடுவது ஒன்று உண்டு. துணி போலவே இருக்கும் 'நான் ஓவன்' பை. தடை வந்த புதிதில் நானே அதில் ஏமாந்தேன். "துணிப்பைதான் ஐயா, துவைக்கலாம்" என்று ஒருவர் சொன்னதை நம்பி 2,000 பை இறக்கினேன். சோதனைக்கு வந்தவர்கள் அந்த மூட்டைகளை எடுத்துப் போனார்கள், அபராதமும் கட்டினேன். அது துணியே அல்ல. பாலிபுரொப்பிலீன் என்ற பிளாஸ்டிக்கை இழையாக்கி, நெய்யாமல் சூட்டில் ஒட்ட வைத்தது. உற்றுப் பார்த்தால் சின்னச் சின்னப் புள்ளிகளாக அழுத்திய தடம் தெரியும். சந்தேகமாக இருந்தால் ஓரத்தில் ஓர் இழையைப் பிரித்து நெருப்புக் குச்சியில் காட்டுங்கள். பருத்தி என்றால் காகிதம் எரிகிற வாசனை வந்து சாம்பலாக உதிரும். பிளாஸ்டிக் என்றால் சுருங்கி உருகி, ஆறியதும் கெட்டியான மணியாக நிற்கும். சரக்கு இறக்கும் முன் இந்த ஒரு நிமிட வேலையைச் செய்யுங்கள்.

இனி விஷயத்துக்கு வருகிறேன். 2021 டிசம்பர் 23 அன்று தமிழக அரசு 'மீண்டும் மஞ்சப்பை' இயக்கத்தைத் தொடங்கியது. 2022 பொங்கல் பரிசுத் தொகுப்பிலும் துணிப்பை இருந்தது. 2022இல் கோயம்பேடு அங்காடியில் பத்து ரூபாய் போட்டால் மஞ்சப்பை தரும் இயந்திரம் வைத்தார்கள். நல்ல காரியங்கள்தாம். எங்கள் பக்கத்தில் பல கடைக்காரர்கள் தம் பங்குக்குத் தீபாவளி, ஆயுத பூஜை சமயத்தில் பெயர் அச்சடித்த துணிப்பை இலவசமாகக் கொடுத்தார்கள். கல்யாண வீடுகளில் தாம்பூலப் பை கொடுப்பது என்றும் நிற்கவில்லை. ஆகவே பை இல்லாத வீடு இன்று இல்லை. எங்கள் வீட்டிலேயே எண்ணிப் பார்த்தேன். பீரோவுக்கு மேலே 23 துணிப்பைகள், 9 கட்டைப்பைகள். இவ்வளவு இருந்தும் என் மருமகன் பால் வாங்கப் போகும்போது வெறுங்கையுடன்தான் போகிறார்.

பை கொடுப்பதனால் பழக்கம் வராது. கொடுத்த பை கடைக்குத் திரும்பி வரவேண்டும். இலவசமாகக் கொடுக்கிற துணிப்பை கொஞ்சம் தடிமனான கவராகத்தான் மாறிப் போகிறது.

இதற்கு ஒரு கணக்கும் இருக்கிறது. இங்கிலாந்து நாட்டின் சுற்றுச்சூழல் முகமை 2011இல் ஓர் ஆய்வு வெளியிட்டது. பருத்தி விளைவிப்பது, நூற்பது, நெய்வது, ஏற்றி வருவது எல்லாவற்றையும் சேர்த்துக் கணக்கிட்டு, ஒரு பருத்திப் பையை 131 முறை பயன்படுத்தினால்தான் ஒரே தடவை பயன்படுத்தி எறியும் சாதாரணக் கவரைவிடப் பூமி சூடாவதற்குக் காரணமாகும் வாயு குறையும் என்று கண்டார்கள். வாரம் இரண்டு முறை கடைக்குப் போகிற குடும்பத்துக்கு 131 முறை என்பது ஒன்றே கால் வருடம். இந்தக் கணக்கில் சாக்கடை அடைப்பும், கவரைத் தின்று வயிறு உப்பிச் சாகும் மாடும் சேரவில்லை. அதைச் சேர்த்தால் துணிப்பைக்குச் சாதகமாகத்தான் இருக்கும். ஆனாலும் நாலு முறை பயன்படுத்தி மூலையில் போட்ட துணிப்பையால் யாருக்கும் லாபம் இல்லை என்பது வியாபாரிகளுக்குச் சொல்லாமலே விளங்கும். பழைய வேட்டி, புடவையில் தைத்த பைக்கு இந்தக் கணக்கு பொருந்தாது. அந்தத் துணியின் செலவு எப்போதோ தீர்ந்துவிட்டது. வீட்டில் தையல் மிஷின் இருந்தால் இதைவிட நல்ல பை இல்லை.

பிளாஸ்டிக் என்றாலே விலக்கவேண்டும் என்று நான் சொல்லவில்லை. எங்கள் தெருவில் பெண்கள் பின்னிய ஒயர் கூடை பதினைந்து வருடம் உழைக்கிறது. 25 கிலோ ஆரணி அரிசி வரும் பையைக் கழுவி, பிடி வைத்துத் தைத்து, ரேஷனுக்கும் காய்கறிக்கும் எடுத்துப் போகிறார்கள். மலையிலிருந்து புளியும் சாமையும் கொண்டு இறங்குகிறவர்கள், சரக்கைப் போட்டதும் காலிச் சாக்கை உதறிச் சுருட்டி, அதிலேயே மாதச் சாமானைக் கட்டிக்கொண்டு பஸ் ஏறுகிறார்கள். அவர்களிடம் யாரும் விழிப்புணர்வுக் கூட்டம் போட வேண்டியதில்லை.

வெளிநாட்டில் நடந்த இரண்டு சங்கதிகளை இங்கே சொல்லலாம். வங்கதேசத்தில் 1988, 1998 வெள்ளங்களின்போது கவர் அடைத்துச் சாக்கடை நீர் வடியவில்லை என்று கண்டு, 2002இல் மெல்லிய பாலிதீன் பையைத் தடை செய்தார்கள். உலகிலேயே முதலில் இப்படித் தடை செய்த நாடு அதுதான். ஆனால் சில வருடங்களில் கவர் மறுபடியும் சந்தைக்கு வந்துவிட்டது. 2024இல் அதே தடையைத் திரும்பவும் அமல்படுத்தக் கிளம்பினார்கள். அதே 2002இல் அயர்லாந்து நாடு வேறு வழியில் போனது. தடை இல்லை, ஒரு பைக்கு 15 சென்ட் வரி, அதையும் கடைக்காரர் தன் கையிலிருந்து கட்டக்கூடாது, வாடிக்கையாளரிடமே வாங்கவேண்டும் என்று சட்டம் போட்டார்கள். ஆளுக்கு வருடத்துக்கு 328 பை என்றிருந்தது 21 ஆகக் குறைந்தது. 15 சென்ட் அந்த நாட்டில் பெரிய காசு இல்லை. கல்லாவில் தனியாக எண்ணிக் கொடுக்கிறபோது மனதில் உறைக்கிறது, அவ்வளவுதான்.

நம் ஊரில் உதாரணம் தேடினால் நீலகிரிக்குப் போகவேண்டும். வணிகர் இதழில் சாராயக் கடையைப் பற்றி எழுதுகிறானே என்று நினைக்காதீர்கள். சென்னை உயர் நீதிமன்ற உத்தரவின் பேரில் 2022 மே மாதம் நீலகிரி மாவட்ட டாஸ்மாக் கடைகளில் பாட்டிலுக்குப் பத்து ரூபாய் கூடுதலாக வாங்கி, காலி பாட்டிலைக் கொடுத்தால் பத்து ரூபாயைத் திருப்பிக் கொடுத்தார்கள். காட்டில் உடைந்து கிடந்து யானையின் காலைக் கிழித்த பாட்டில்களில் பெரும்பாலானவை கடைக்குத் திரும்பின. குடித்தவருக்கே பாட்டிலைத் திருப்பிக் கொண்டுவர நிதானம் வருகிறது என்றால் குடும்பப் பெண்களுக்கு வராதா?

இந்த முறை நமக்குப் புதிதும் அல்ல. கோலி சோடா பாட்டிலுக்கு முன்பணம் வாங்கியவர்கள் நாம். எண்ணெய் டின்னுக்கும் சாக்குக்கும் தனி விலை போட்டுச் சிட்டையில் கழித்துக்கொண்டவர்கள். இன்றைக்கும் காலி சிலிண்டரைக் கொடுத்தால்தான் நிறைந்த சிலிண்டர் வீட்டுக்கு வருகிறது. எந்த வீட்டிலும் சிலிண்டரைக் குப்பையில் போடுவதில்லை.

ஆகவே எங்கள் தெருவில் ஏழு கடைக்காரர்கள் சேர்ந்து ஓர் ஏற்பாடு செய்தோம். கெட்டியான காடாத் துணியில் பை தைக்க 25 ரூபாய் அடக்கம் ஆகிறது. பை இல்லாமல் வருகிறவரிடம் 25 ரூபாய் முன்பணம் வாங்கிக்கொண்டு பை கொடுக்கிறோம். ஏழு கடையில் எந்தக் கடையில் திருப்பிக் கொடுத்தாலும் 25 ரூபாய் கிடைக்கும். இல்லாவிட்டால் பை அவருடையது. அடுத்த முறை எடுத்து வரவேண்டும். தனியாக ஒரு கடைக்காரர் மட்டும் இதைச் செய்தால் வாடிக்கை பக்கத்துக் கடைக்குப் போய்விடும். முதல் மாதம் எங்கள் ஏழு பேரில் ஒருவர் கல்லாவுக்குக் கீழே ரகசியமாகக் கவர் வைத்துக் கொடுத்தார். மற்ற ஆறு பேருக்கும் அன்றே தெரிந்துவிட்டது. அவருக்கு வியாபாரம் கூடியதும் உண்மை. பத்து நாள் பேச்சுவார்த்தை இல்லாமல் போய், பிறகு அவரும் நிறுத்தினார். இந்தச் சங்கடத்தை மறைக்காமல் எழுதுகிறேன். உங்கள் ஊரிலும் இது வரும்.

வீட்டில் நடக்கவேண்டியதைப் பற்றியும் கடைக்காரர் பேசலாம், நம்மைவிடத் தினமும் குடும்பங்களைப் பார்க்கிறவர் யார்? கடைக்கு வருவது இரண்டு வகை. ஒன்று, மாதச் சாமான் சீட்டு எழுதிக்கொண்டு திட்டமிட்டு வருவது. இதற்குப் பை தானாக வரும். அந்தச் சீட்டின் முதல் வரியில் 'பை' என்று நம் கடை அச்சிட்டுக் கொடுத்தால் போதும். இன்னொன்று, வேலையிலிருந்து திரும்பும் வழியில் வண்டியை நிறுத்தி வாங்குவது. கவர் கேட்கிறவர்களில் பெரும்பாலானவர்கள் இவர்கள்தாம். பை வீட்டில் இருக்கிறது, ஆள் ரோட்டில் இருக்கிறார். இவர்களுக்கு உபதேசம் பயன்படாது. வண்டி சீட்டுக்கு அடியில் ஒரு பை நிரந்தரமாக இருக்கவேண்டும். சாமானை இறக்கிய உடனே பையை மடித்துத் திரும்ப வண்டிக்கே கொண்டுபோய் வைக்கவேண்டும். அதை அலமாரியில் வைத்தால் கதை முடிந்தது. எங்கள் வீட்டில் 23 பையும் பீரோவுக்கு மேலே ஏறியது இப்படித்தான். இப்போது வாசல் கதவுக்குப் பின்னால் ஆணி அடித்து, நாலு பை மட்டும் மாட்டியிருக்கிறோம். மளிகைக்கு ஒன்று, காய்கறிக்கு ஒன்று, கறி மீனுக்குத் தூக்குப் பாத்திரத்தோடு ஒன்று, அவசரத்துக்கு ஒன்று. மீதியை மகள் வீட்டுக்கும் கடைக்கும் கொடுத்துவிட்டோம்.

கறிக்குத் தனிப் பாத்திரம் என்பதை அழுத்திச் சொல்கிறேன். கறித் தண்ணீர் பட்ட துணிப்பையில் மறுநாள் பருப்பு வாங்கினால் நாற்றம் மட்டுமல்ல, நோயும் வரும். முன்பு தாமரை இலையிலும் தேக்கு இலையிலும் கட்டிக் கொடுத்தார்கள். இப்போதும் சில கடைகளில் இலை கிடைக்கிறது. மற்றப் பைகளை வாரம் ஒரு முறை துவைத்து வெயிலில் காயவைத்தால் போதும்.

பழைய முறைக்கு அப்படியே திரும்பிவிடலாம் என்று சொல்கிறவர்களும் உண்டு. எல்லாவற்றிலும் முடியாது. செய்தித்தாளில் உணவுப் பொருளைப் பொட்டலம் கட்டக்கூடாது. அச்சு மையில் உள்ள ரசாயனம் உணவில் சேரும் என்று உணவுப் பாதுகாப்பு ஆணையம் 2016இலேயே எச்சரித்தது. பிறகு 2018 விதியிலும் அதைச் சேர்த்தார்கள். ஆகவே அச்சிடாத காக்கித் தாள்தான் வாங்கவேண்டும். எண்ணெயைத் தூக்கில் அளந்து கொடுப்பதும் இன்று கூடாது. சமையல் எண்ணெய் அடைத்து முத்திரையிட்டுத்தான் விற்கவேண்டும். பருப்பு, அரிசி, சர்க்கரை, புளி, மிளகாய் ஆகியவற்றை வாடிக்கையாளர் கொண்டுவரும் டப்பாவிலோ சின்னத் துணிப்பையிலோ போடத் தடை இல்லை.

இங்கேதான் எடைத் தகராறு வரும். காக்கித் தாள் பை கவரைவிடக் கனம். பையின் எடை பத்து கிராம் என்று வைத்துக்கொள்வோம். கிலோ 160 ரூபாய் விற்கிற பருப்பில் பத்து கிராம் என்பது ஒரு ரூபாய் அறுபது காசு. பையோடு சேர்த்து எடை போட்டால் வாடிக்கையாளர் அந்தப் பணத்தை இழக்கிறார். சட்டப்படியும் நிகர எடைக்குத்தான் விலை. டப்பா கொண்டுவந்தால் இன்னும் பெரிய வித்தியாசம். மின்னணுத் தராசில் 'டேர்' பொத்தான் இருக்கிறது. காலி டப்பாவை வைத்து அதை அழுத்தினால் தராசு சைபருக்கு வரும். பிறகு சரக்கைப் போடலாம். பல கடைகளில் பையன்களுக்கு அந்தப் பொத்தான் எது என்றே தெரியவில்லை. தராசின் முகத்தை வாடிக்கையாளர் பக்கம் திருப்பி வைத்து, அவர் கண்ணெதிரே அழுத்துங்கள். டப்பா கொண்டுவரத் தயங்குகிறவர்களில் பாதிப் பேர் எடையில் சந்தேகப்பட்டுத்தான் தயங்குகிறார்கள். ஒரு வயதான அம்மா, "எங்க டப்பா கனம் எல்லாம் பருப்பு விலையில போயிடுமே" என்று என் முகத்துக்கு நேரே கேட்டார்.

செலவைப் பற்றி ஒரு வார்த்தை. தடைக்கு முன் ஒரு நடுத்தர மளிகைக் கடையில் நாளைக்கு 200 கவர் போகும். ஒரு கவர் 50 காசு என்றால் நாளைக்கு 100 ரூபாய், வருடத்துக்கு 36,500. அதை நாம் லாபத்திலிருந்து கொடுத்துக்கொண்டிருந்தோம். யாரும் நன்றி சொன்னதில்லை. முன்பண முறையில் முதலில் 200 பைக்கு 5,000 ரூபாய் முடங்குகிறது. பை வெளியே போகும்போது பணம் கல்லாவுக்கு வந்துவிடுகிறது. துவைக்கும் கூலி, கிழிசல் தைக்கும் கூலி கடைக்காரர் பொறுப்பு. அழுக்காகத் திரும்பும் பையை என்ன செய்வது என்பதில் மட்டும் எங்களுக்குள் இன்னும் ஒத்த கருத்து இல்லை. நான் வாங்கிக்கொள்கிறேன். பக்கத்துக் கடைக்காரர், "துவைத்துக் கொண்டுவாங்கம்மா" என்று திருப்பி அனுப்புகிறார்.

ஆடி வெள்ளிகளில் படவேடு ரேணுகாம்பாள் கோயிலுக்குப் போகிற கூட்டம் எங்கள் ஊர் வழியாகத்தான் பெரும்பாலும் போகிறது. வெளியூர்க்காரர்கள் பையைத் திருப்பிக் கொடுக்க மறுபடி வரப்போவதில்லை. அவர்களுக்கு முன்பணம் என்று சொல்லாமல் 25 ரூபாய் விலை என்றே சொல்லி விற்கிறோம். வேண்டாம் என்பவர்கள் துண்டிலோ, ஒயர் கூடையிலோ கட்டிக்கொண்டு போகிறார்கள். யாரும் சரக்கை வைத்துவிட்டுப் போகவில்லை.

பை தைக்கிறவர்கள் கவனத்துக்கு: 14 அங்குல அகலம், 16 அங்குல உயரம் வசதியானது. அடியில் இரட்டைத் தையல் வேண்டும். பிடியை மேல் விளிம்பில் மட்டும் ஒட்டித் தைத்தால் ஐந்து கிலோவுக்கு அறுந்துவிடும். பிடித் துணி நாலு அங்குலம் பைக்குள் இறங்கி, குறுக்குத் தையல் போடவேண்டும். பிடி, மோட்டார் சைக்கிள் கைப்பிடியில் மாட்டும் நீளம் இருக்கட்டும்; அதற்கு மேல் நீண்டால் சக்கரத்தில் சிக்கும்.

பையில் யார் கடைப் பெயரை அச்சிடுவது என்பதில் எங்களுக்கு இரண்டு கூட்டம் வீணாகப் போயிற்று. ஏழு பெயரையும் போட்டால் பை நிறைய எழுத்துதான் இருக்கும். ஒருவர் பெயரைப் போட்டால் மற்றவர் கல்லாவில் அது ஏறாது. கடைசியில் எந்தக் கடைப் பெயரும் வேண்டாம், 'கண்ணமங்கலம்' என்று ஊர்ப் பெயர் மட்டும் போதும் என்று முடிவாயிற்று. அமாவாசை தோறும் ஏழு பேரும் யார் கடையில் எத்தனை பை சேர்ந்திருக்கிறது என்று எண்ணி, கூடக் குறைய உள்ளதைப் பணமாகத் தீர்த்துக்கொள்கிறோம். போன அமாவாசை என் கடையில் 31 பை அதிகமாக இருந்தது.